மான்கேட்டோ, 2001: ஒரு ஹீட் ஸ்ட்ரோக் மரணமும் கைநழுவிய நிமிடங்களும்

வெயிலால் வரும் மரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கடுமையான ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர்களை ஒருவர் விடாமல் காப்பாற்றிய இடங்கள் இருக்கின்றன. அதே நிலையில் வந்தவர்களை இழந்த இடங்களும் இருக்கின்றன. அடையாளம் கண்டுகொண்ட வேகமும் உடலைக் குளிர்வித்த வேகமும்தான் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம். இதைப் புரிந்துகொள்ள, நன்கு பதிவான ஒரு மரணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கோரி ஸ்ட்ரிங்கர், வயது 27, அமெரிக்கக் கால்பந்து வீரர். மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக ஆடியவர். எதிரணி ஆட்களை மறித்துத் தள்ளுகிற இடத்தில் ஆடுபவர் என்பதால் உடல் எடை 150 கிலோவை ஒட்டி இருந்தது. மரணத்துக்கு முந்தைய சீசனில், லீக்கின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌல் போட்டிக்குத் தேர்வான அளவுக்கு நல்ல ஃபார்மில் இருந்தார்.

2001 ஜூலை 30 அன்று மின்னசோட்டா மாநிலத்தின் மான்கேட்டோ நகரில் அணியின் பயிற்சி முகாம் தொடங்கியது. வெயிலோடு ஈரப்பதமும் மிக அதிகமாக இருந்த நாட்கள் அவை. முதல் நாளே ஸ்ட்ரிங்கர் வாந்தி எடுத்தார். பயிற்சியை முடிக்க முடியவில்லை. மறுநாள் எப்படியாவது முழுசாக முடித்தே தீருவது என்ற உறுதியோடு களத்துக்கு வந்தார். ஜூலை 31 காலை, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தவர் மூன்று முறையாவது வாந்தி எடுத்திருக்கிறார். ஆனாலும் நிறுத்தவில்லை, சொன்னபடி முடித்தார்.

பயிற்சி முடிந்ததும் ஏசி போட்ட ஒரு சிறிய கொட்டகைக்குப் போனார். அங்கே தளர்ந்துபோய்ப் படுத்தார். குளிர்ந்த ஈரத்துண்டுகளைப் போட்டார்கள். அவர் ஏதோ பாட்டுக்கு அசைவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, வாய்க்குள் முனகியபடி இருந்தார். அப்புறம் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை, மூச்சு வேகமெடுத்தது. மருத்துவமனையில் சேர்த்து அளந்தபோது உடல் வெப்பநிலை 108.8 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 42.7 டிகிரி செல்சியஸ். நினைவு திரும்பவே இல்லை. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து, ஆகஸ்ட் 1 அதிகாலை 2 மணிக்குச் சற்று முன்பு இறந்துபோனார்.

இந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு உரியது. இதேபோல் ஒருவர் நம் கண்முன்னே விழுந்தால் எதைப் பார்க்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

முதல் நாள் சொன்னது

உண்மையான முதல் எச்சரிக்கை ஜூலை 30 அன்றே வந்துவிட்டது. கடுமையாக உழைக்கும்போது தசைகளில் செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுபோய் வெளியேற்றுவது ரத்தத்தின் வேலை. வேலை செய்யும் தசைக்கும் ரத்தம் வேண்டும், தோலுக்கும் வேண்டும். இருக்கிற ரத்தம் இரண்டுக்கும் போதாதபோது உடல் குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. வெயிலில் வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் இது ஒரு முக்கியக் காரணம். அதனால் வெயிலில் உழைக்கிறவர் வாந்தி எடுத்தால் காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கடந்துபோகக் கூடாது. உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தியோடு தண்ணீரும் உப்பும் போய்விடுவதால் மறுநாளைய நிலை இன்னும் மோசமாகும்.

இன்னொன்று, அது முகாமின் தொடக்கம். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் சில நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதன்பின் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் துடிக்கும் வேகமும் குறைகிறது. இந்த மாற்றங்கள் நடப்பதற்கு முன்பே முழு வேகத்தில் இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் இறக்கும் தொழிலாளர்களில் பாதி முதல் 70 சதவீதம் வரையானோர் முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை முதல் நாளே முழு நேரம் வெயிலில் நிறுத்துவதை என்னால் சாதாரண விஷயமாகப் பார்க்க முடியவில்லை. முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்கு கூட்டுவது என்ற எளிய கணக்கையாவது பின்பற்ற வேண்டும். முன்பே பழகியிருந்து, லீவு முடிந்தோ காய்ச்சல் தேறியோ திரும்புகிறவருக்கும் இது பொருந்தும். அவருக்குப் பாதியில் தொடங்கி நான்கு நாட்களில் முழு நேரத்துக்கு வரலாம். பழகிய உடல் சில வாரங்களிலேயே அந்தப் பழக்கத்தை இழந்துவிடும்.

ஸ்ட்ரிங்கருக்கு வேறு பாதகங்களும் இருந்தன. பெரிய உடல் அதிக வெப்பத்தை உண்டாக்கும், ஆனால் எடையோடு ஒப்பிட்டால் வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பு குறைவு. ஹெல்மெட்டும் கவசமும் வியர்வை ஆவியாவதைத் தடுக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். ஓடிப்போகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இவற்றோடு, பாதியில் விட மாட்டேன் என்ற மன உறுதி. ஹீட் ஸ்ட்ரோக்கில் இந்த உறுதி ஆபத்தான ஒன்று. உடல் கெஞ்சினாலும் மனம் ஓட வைக்கிறது. அதனால் நிறுத்துகிற முடிவைச் சம்பந்தப்பட்டவரிடமே விட்டுவிடக் கூடாது. நேற்று வாந்தி எடுத்தவர், நேற்று தலைசுற்றி உட்கார்ந்தவர், ‘இன்னிக்கு நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னாலும் அவரை வெயிலில் இறக்கலாமா என்பதை வேறொருவர் தீர்மானிக்க வேண்டும்.

முனகலும் தலையசைப்பும்

இந்த நிகழ்வில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அந்தக் கொட்டகை. படுத்திருந்தவர் முனகிக்கொண்டு தலையை ஆட்டினார். பார்க்கிறவருக்கு அது களைத்துப்போன மனிதர் ஓய்வெடுப்பதுபோலத் தெரியலாம். ஆனால் மூளை பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது.

வெப்பச் சோர்வையும் ஹீட் ஸ்ட்ரோக்கையும் களத்தில் பிரித்துக் காட்டுவது புத்தி நிலைதான். வெப்பச் சோர்வில் ஆள் வெளிறிப்போய், வியர்த்துக் கொட்டி, தலைவலி, குமட்டல், தலைசுற்றலோடு துவண்டிருப்பார். ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணியைத் தளர்த்தி, நீரும் உப்பும் கொடுத்தால் அரைமணி நேரத்துக்குள் தேறத் தொடங்குவார். தேறவில்லை என்றால் மருத்துவ உதவி வேண்டும். ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆளே மாறிவிடுவார். எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு, குழறல், தள்ளாட்டம், காரணமில்லாத சிரிப்பு, அழுகை, கைகலப்பு, முனகல், வலிப்பு, மயக்கம் என்று எந்த உருவிலும் அது வரலாம். வெயிலில் உழைத்துக்கொண்டிருந்த ஒருவரின் நடத்தை திடீரென்று மாறினால், வேறு காரணம் உறுதியாகும் வரை ஹீட் ஸ்ட்ரோக் என்றே நினைத்துச் செயல்பட வேண்டும்.

பலரையும் ஏமாற்றும் இரண்டு விஷயங்களை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வியர்வை நின்று தோல் காய்ந்து சிவந்திருக்கும் என்று பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அனல் காற்று வீசும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே பாதிக்கப்படும் முதியவர்களிடம் அப்படிப் பார்க்கலாம். ஓடி, உழைத்து விழுந்தவர் பெரும்பாலும் வியர்வையில் நனைந்துதான் இருப்பார்; தொட்டால் தோல் சில்லென்றுகூட இருக்கலாம். ‘வியர்க்குதே, அப்போ ஒன்றும் இல்லை’ என்ற முடிவு உயிரை வாங்கும். இரண்டாவது, சிலருக்கு நடுவில் கொஞ்ச நேரம் தெளிவு வந்து போகும். எழுந்து உட்கார்ந்து பேசுவார், சற்று நேரத்தில் மறுபடி சரிவார். அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

வெப்பமானியும் ஏமாற்றும். நெற்றியில் காட்டும் கருவி, காதில் வைப்பது, வாய், அக்குள் எல்லாமே இந்த நேரத்தில் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டக்கூடியவை. உடலின் உள்வெப்பத்தைக் களத்தில் நம்பகமாகச் சொல்வது மலக்குடலில் வைத்து எடுக்கும் அளவுதான். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் இருந்தால் அதைச் செய்யலாம். இல்லாவிட்டால் நெற்றியில் 38 காட்டியது என்று நிம்மதி அடையாமல், ஆளின் நடத்தையை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

குளிர்விப்பது முதலில், கொண்டுபோவது பிறகு

உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். 40.5-க்கு மேல் எத்தனை நிமிடம் உடல் இருந்தது என்பதே உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சூட்டில் செல்களின் புரதங்கள் குலைகின்றன. ரத்தம் குறைந்துபோன குடலின் சுவர் கசிந்து, உள்ளிருக்கும் கிருமி நச்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் உறைவது கட்டுப்பாடு இழக்கிறது. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. கல்லீரலும் பாதிக்கப்படுகிறது. அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தை 39-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். தாமதித்தால் எவ்வளவு நல்ல மருத்துவமனையும் பின்னாலிருந்துதான் துரத்த வேண்டியிருக்கிறது.

இப்போது ஏசி அறையையும் ஈரத்துண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஏசி அறை உட்கார இதமாக இருக்கும், ஆனால் 42 டிகிரியில் இருக்கும் உடலை அரைமணிக்குள் இறக்கும் வேகம் அதற்கு இல்லை. உடலின் ஒருசில இடங்களில் போட்ட துண்டுகளுக்கும் இல்லை. கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தினால் நிமிடத்துக்கு 0.2 டிகிரி அளவில் வெப்பம் இறங்கும். 42-லிருந்து 39-க்கு வர சுமார் 15 நிமிடம். ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, மருத்துவமனை போய், அங்கே சிகிச்சை தொடங்க ஆகும் நேரத்தோடு இதை ஒப்பிட்டால் எதை முதலில் செய்வது என்பதில் சந்தேகமே இருக்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கையோடு, அது வரும் வரை குளிர்விக்க வேண்டும். மருத்துவர் அருகில் இருந்து வெப்பத்தை அளக்க முடிகிற இடத்தில், 39-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் ஏற்றி அனுப்புவார்கள்.

இதற்குச் சான்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால்மவுத் நகரில் ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் ஓட்டப் போட்டி. தூரம் 7 மைல், அதாவது 11 கிலோமீட்டர்தான். ஆனால் வேகமாக ஓடுவார்கள், ஈரப்பதமும் இருக்கும். 18 ஆண்டுகளில் அங்கே ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2015-ல் வெளியானது. அவர்களின் சராசரி உள்வெப்பம் 41 டிகிரிக்கும் மேல். எல்லைக்கோட்டருகே ஐஸ் தண்ணீர்த் தொட்டிகளைத் தயாராக வைத்து, விழுந்தவரை உடனே அதில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். உலகத்தரமான ஒரு அணியின் முகாமில் காப்பாற்ற முடியாமல் போனதை, ஒரு ஊர்ப் போட்டியின் கூடாரத்தில் தொட்டியும் ஐஸும் வைத்து வருடம் தவறாமல் செய்திருக்கிறார்கள்.

ஐஸ் தண்ணீரில் போட்டால் இதயம் நின்றுவிடும், ரத்தக்குழாய் சுருங்கி வெப்பம் உள்ளேயே தங்கிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. உழைத்து விழுந்த, மற்றபடி ஆரோக்கியமானவர்களிடம் அந்தப் பயம் மெய்ப்படவில்லை. தொட்டி இல்லாவிட்டால் தார்ப்பாயில் படுக்க வைத்து, நான்கு பக்கமும் ஆட்கள் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்கலாம். அதுவும் இல்லையா, குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க நிறுத்தாமல் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். துண்டுதான் இருக்கிறது என்றால் தலை, மார்பு, வயிறு, கை, கால் என்று உடல் முழுவதும் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஐஸ் தண்ணீரில் முக்கி மாற்ற வேண்டும். போட்ட துண்டை அப்படியே விட்டால் அது சூடேறிவிடும். தொட்டியில் இறக்கியவரின் அக்குள் வழியாக ஒரு துணியைக் கொடுத்து ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், தலை தண்ணீருக்குள் போய்விடாமல் இருக்க. இளகிய மனதால் ‘ஜில்லுனு இருக்கும், பாவம்’ என்று தயங்குகிற நேரம் அல்ல அது.

செய்யக் கூடாதவையும் உண்டு. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாராசிட்டமால் கொடுப்பதில் பயன் இல்லை. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, அதை அந்த மருந்து இறக்கும்; ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை உயர்த்தவில்லை, உடலால் வெளியேற்ற முடியவில்லை. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்கு அந்த மாத்திரை கூடுதல் சுமை.

மரணத்துக்குப் பிறகு

ஸ்ட்ரிங்கரின் மனைவி 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கணவர் பெயரில் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அதற்கு முன்பே, 2003-ல், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் முதல் ஐந்து நாட்கள் நாளுக்கு ஒரே ஒரு பயிற்சிதான், முதல் இரண்டு நாட்கள் ஹெல்மெட் மட்டும், முழுக் கவசம் ஐந்தாம் நாள்தான் என்று விதி வந்தது. இருந்தும் 2018-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் 19 வயது வீரர் ஒருவர் ஓட்டப் பயிற்சியில் விழுந்து, சுமார் இரண்டு வாரங்களில் இறந்தார். ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தவில்லை, அறிகுறியை உடனே இனம் காணவில்லை என்று விசாரணை சொன்னது. 17 ஆண்டுகள் கழித்து அதே இரண்டு தவறுகள். விதியை எழுதினால் மட்டும் போதாது. தொட்டியில் தண்ணீர் நிரம்பி இருக்க வேண்டும், ‘நிறுத்து’ என்று சொல்ல அதிகாரம் உள்ள ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெயிலின் கடுமையை அளப்பதிலும் கவனம் தேவை. நிழலில் வைத்த வெப்பமானி பாதிக் கதைதான் சொல்லும். ஈரப்பதம், நேரடி வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீட்டை 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களுக்காக உருவாக்கினார்கள். அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், கருப்புக் கோள வெப்பமானிக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். புழுக்கமான நாளில் 32 டிகிரி, வறண்ட நாளின் 38-ஐவிட மோசமாக இருக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் உழைக்கும்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் போதும். மணிக்கு ஒன்றரை லிட்டரை நெருங்க வேண்டாம். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதுவே தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஹீட் ஸ்ட்ரோக் போலவே காட்டும். பல மணி நேரம் வியர்த்தால் உப்பும் உள்ளே போக வேண்டும். இவ்வளவு சொன்னாலும், தண்ணீர் குடித்தவருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வராது என்று நினைக்க வேண்டாம். வேகமும் கவசமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் நன்றாகக் குடித்தவரும் விழுவார். தண்ணீரைவிட ஓய்வு இடைவேளைக்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் கொடுப்பேன்.

ஓடாமலே வருவது

ஸ்ட்ரிங்கரின் கதை உழைத்து விழுந்தவரின் கதை. எண்ணிக்கையில் பார்த்தால் ஓடாமல், உழைக்காமல், வீட்டுக்குள் இருந்தபடியே இறப்பவர்கள்தான் மிக அதிகம். 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாட்கள் அடித்த அனலில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். 2003 கோடையில் ஐரோப்பா முழுவதும் 70,000-க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள். பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000. இங்கே விழுவதைப் பார்க்கக்கூட ஆள் இருப்பதில்லை. வயதானால் வியர்வை குறைகிறது, தாகம் மங்குகிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் பிரிப்பு மாத்திரை, சில மனநல மருந்துகள், சில ஒவ்வாமை மருந்துகள் உடலின் குளிரூட்டும் வேலையைக் குறைக்கின்றன. மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். அனல் நாட்களில் இரவும் குளிராதபோது, அடுத்தடுத்த நாட்களில் ஆபத்து கூடிக்கொண்டே போகும். மின்விசிறியும் ஓர் எல்லை வரைதான் காப்பாற்றும். அறையின் காற்று 35 டிகிரியைத் தாண்டி வறண்டிருந்தால், வியர்வை குறைந்த முதியவர்மேல் அது சூட்டைத்தான் வீசும். துணியையும் தோலையும் நனைத்துக்கொண்டால் விசிறியின் பயன் திரும்பும். தனியாக இருக்கும் முதியவரை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்த்து, பேச வைக்க வேண்டும். பேச்சு குழறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

நிறுத்திய காருக்குள் வெப்பம் பத்து நிமிடத்தில் 10 டிகிரிக்கு மேல் ஏறும், கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் அப்படித்தான். குழந்தையின் உடல் பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும். ஒரு நிமிடத்துக்குக்கூட உள்ளே விட்டுப் போகக் கூடாது.

பிழைத்து வந்தவர் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு குறைந்தது ஒரு வாரம் உடற்பயிற்சியோ வெயில் வேலையோ கூடாது. அதன்பின் மருத்துவரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரக, தசை அளவுகள் சரியாகியிருந்தால் மட்டும், முதலில் குளிர்ந்த இடத்தில் லேசாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெயிலுக்குத் திரும்ப வேண்டும். பயிற்சியாளரோ மேஸ்திரியோ இதற்கு முன்பே வரச் சொன்னால், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி மறுத்துவிடுங்கள்.